ஆயிலா, எண்ணெயா?

காசிமேட்டுக் குப்பத்துக் கோவிந்தம்மாவுக்கு மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது. வண்டிக்குள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ஆனால் ஐம்பத்து மூன்றாம் வருஷம் கோடையில் ஏழு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி கார் ஒழுங்காக மூச்சு விட்டது அவள் கையால்தான். எட்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த மூச்சை அடைத்ததும் அவள் கைதான் என்று குப்பம் பூராவும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது பாதிப் பொய். கை அவளுடையது, வாய் என்னுடையது.

நான் கருணாகரன். ராயபுரம் கல்மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் குமாஸ்தா. பேனா, மைக்கூடு, ரப்பர் முத்திரை, ஸ்டோர் ரூம் சாவி, இவ்வளவுதான் என் ராஜ்யம். எனக்கு முன்கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு வருவது பின்கோபம். காரியம் கெட்டு, எல்லோரும் கலைந்து போன பிறகு என் மேலேயே வரும். ஐந்து வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

கோவிந்தம்மாவின் புருஷன் எத்திராஜ் எங்கள் கம்பெனி டிரைவர். எனக்கு இருந்த ஒரே தோஸ்து. கடலோரத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாதவன். கட்டுமரம் இரண்டு அலை தாண்டினால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பான். அண்ணன் தம்பிகள் எல்லாம் படகும் வலையுமாக இருக்க, இவன் மட்டும் யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு எங்கள் கம்பெனியில் வந்து சேர்ந்தான். வண்டி யுத்தத்துக்கு முந்தின அமெரிக்க வண்டி. எத்திராஜுக்கு அதன் மேல் இருந்த பாசத்தைப் பார்த்து, "இவனுக்கு ஏன் கல்யாணம் பண்ணி வைத்தார்கள்" என்று நான் கேலி செய்வதுண்டு.

கோவிந்தம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள். பன்னிரண்டு வயதிலிருந்து தலையில் மீன் கூடை சுமந்தவள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் வீடு வீடாக விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். குள்ளமான உடம்பு, கணீர் என்ற குரல், எதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்கிற குணம். "நாலு வஞ்சிரமா, அஞ்சா? தலையோட வேணுமா, வாணாமா?" என்று கேட்டுக் கேட்டு வாடிக்கைக்காரிகளை எரிச்சல்படுத்துவாள். ஆனால் யார் வீட்டுக்கும் தப்பான மீன் போனதில்லை. இதை நான் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

அந்த வருஷம் பிப்ரவரிக் கடைசியில் துறைமுகத்தில் ஒரு மரப்பெட்டி கயிறு நழுவி எத்திராஜின் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. புத்தூர் எலும்பு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டு வந்தோம். மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம் டிரைவர் இல்லாமல் மேனேஜரால் முடியாது. மேனேஜர் ஹென்றி துரை ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர். கண்டிப்பானவர், அநியாயக்காரர் அல்ல. தினம் துறைமுகம், திருவொற்றியூர் கிடங்கு, எண்ணூர் என்று அலைய வேண்டும். அவருக்கு இழுப்பு நோய். மூக்கு வருஷம் முந்நூறு நாளும் அடைத்தே இருக்கும். தற்காலிகமாக சவரிநாதன் என்று ஒருவரை ஓட்டுவதற்கு வைத்தார்கள். பனைமரத் தொட்டி மாதா கோயில் பக்கத்துக்காரர். நன்றாக ஓட்டுவார், ஆனால் பானெட்டைத் திறந்தால் பாம்பைக் கண்டவர் போல ஒதுங்குவார்.

எத்திராஜ் படுத்தபடியே மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைக் குப்பத்துக்கு அனுப்பினால் பராமரிப்பு முழுவதும் தன் வீட்டுப் பொறுப்பு, வேலையை மட்டும் தனக்கு வைத்திருக்க வேண்டும் என்று. மேனேஜர் யோசித்தார். நிலக்கரித் தூசியிலும் எண்ணூர் உப்பளத்து ரோட்டுப் புழுதியிலும் அந்தக் கிழட்டு வண்டி இத்தனை வருஷம் ஓடியதே எத்திராஜின் கையால்தான் என்று அவருக்குத் தெரியும். "சரி. வண்டி நடுவழியில் நிற்காத வரைக்கும் வேலை எத்திராஜுக்கு. நின்றால், சவரிநாதன் நிரந்தரம்" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். நான்தான் போய்ச் சொன்னேன்.

"நீயே காலை நீட்டிகினு கீற. யார் பண்ணுவா?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரி பண்ணுவா மாமு" என்றான் எத்திராஜ்.

பண்ணினாள். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மணலில் இறங்கினால் சக்கரம் புதையும் என்று வண்டியைத் தெரு முனையில் பூவரச மரத்தடியில் நிறுத்தியிருந்தார் சவரிநாதன். எத்திராஜ் குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினான்.

"காது வெச்ச நட்டு ஒண்ணு கீது பாரு, அத்த கையாலயே திருவு. ஸ்பானர் வாணாம். சட்டியைத் தூக்கினா கீழ ஓட்டை தெரியும். அதான் எஞ்சின் தொண்டை. மொத காரியமா அதுல துணி வை. ஒரு மண்ணு வுழுந்தாகூட எஞ்சின் காலி!"

எஞ்சினுக்கு மேலே இட்லிப் பானை அளவுக்கு ஒரு கருப்புச் சட்டி உட்கார்ந்திருக்கும். டிரைவர்கள் அதைக் காத்துச் சட்டி என்பார்கள். வெளிக்காற்று அதற்குள் நுழைந்து, அடியில் நிற்கும் எஞ்சின் ஆயிலில் பட்டு, தூசியை அங்கேயே விட்டுவிட்டு, மேலே இருக்கிற கம்பிவலை வழியாகச் சுத்தமாகி எஞ்சினுக்குள் போகும். வாரத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலைக் கொட்டி, சட்டியைச் சுரண்டி, கம்பிவலையை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, புது ஆயில் ஊற்ற வேண்டும். சட்டியின் உள்பக்கம் ஒரு கோடு இருக்கும். ஆயில் அந்தக் கோடு வரைக்கும் நிற்க வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போகும், கூடினால் எஞ்சின் ஆயிலையே உறிஞ்சிக்கொண்டு புகையும்.

கோவிந்தம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷன் கட்டிலருகே வைத்தாள். கம்பிவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது செவுளு மாதிரி கீது. மீனுக்கு செவுளு, வண்டிக்கு இதுவா?"

"அதேதான்! இன்னா மாமு, எப்பிடிப் புட்ச்சா பாத்தியா?" என்று எத்திராஜ் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான்.

செவுளைப் பார்த்தே மீன் எந்த வேளையில் பிடிபட்டது என்று சொல்கிறவள் அவள். அதன் பிறகு அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் எத்திராஜ் கத்துவதை நிறுத்திவிட்டான். அவள் வேலை முடித்ததும் சட்டியைக் கொண்டுவந்து காட்டுவாள், அவன் கோட்டைப் பார்த்துத் தலையாட்டுவான், அவ்வளவுதான். தொண்டையில் வைத்த துணியை எடுத்துவிட்டதற்கு அடையாளமாக அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நட்டை முடுக்குவாள். அது அவளாகக் கண்டுபிடித்த பழக்கம்.

இன்னொன்றும் அவளாகச் செய்தாள். அந்த வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்று உள்ளே வருவதற்கு ஒரு மூடி உண்டு. திறந்தால் ஜில்லென்று காற்று வரும், கூடவே கரித்தூளும் புழுதியும் வரும். மூடினால் வெந்து சாக வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தாள். விரல் மை பூசியது போல் வந்தது.

"தொரைக்கு இழுப்பு வராம இன்னா பண்ணும்?" என்றாள்.

உடைந்த மீன் கூடையிலிருந்து ஒரு பிரம்பை உருவி, வெந்நீரில் போட்டு அலசி, அந்த ஓட்டையின் அளவுக்கு வளைத்தாள். எத்திராஜின் பழைய மல் வேட்டியை இரண்டு மடிப்பாக அதில் இழுத்துத் தைத்தாள். அதை மூடிக்குள் பொருத்தினால் காற்று வந்தது, தூசி வரவில்லை. இரண்டு தைத்து வைத்துக்கொண்டு வாரா வாரம் மாற்றினாள். "வண்டிக்கு ஒரு மூக்கு, தொரைக்கு ஒரு மூக்கு" என்று சொல்லிக்கொண்டு அழுக்குத் துணியைத் துவைத்து மணலில் உலர்த்துவாள்.

பத்து நாளில் மேனேஜரே கேட்டார், "இந்த வாரம் எனக்கு வீசிங் குறைவாக இருக்கிறதே, யார் செய்த வேலை?" நான் சொன்னேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி, மூடியைத் திறந்து, அந்தப் பிரம்பு வளையத்தை வெளியே எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். எத்திராஜ் திரும்பி வந்ததும் கம்பெனியின் இரண்டு லாரிகளுக்கும் அந்தப் பெண்பிள்ளையே வாரா வாரம் இந்த வேலையைச் செய்யட்டும், அதற்குத் தனியாகச் சம்பளம் போடலாம் என்றார். அதையும் நான்தான் போய்ச் சொன்னேன். கோவிந்தம்மா நம்பவில்லை. "எனக்கா, அதுக்கா?" என்று புருஷனைக் காட்டிக் கேட்டாள். "உனக்குத்தான்" என்றேன். "எனக்கேவா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது என் பெருமையைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் நான் எங்கள் தெருப் படிப்பகத்தில் சேர்ந்திருந்தேன். நல்ல தமிழில் பேச வேண்டும் என்று பத்துப் பேர் சபதம் எடுத்திருந்தோம். அதில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். தப்பெல்லாம் நான் அதை எங்கே, யாரிடம் காட்டினேன் என்பதில்தான். படிப்பகத்தில் கற்றதை மேனேஜரிடம் காட்ட முடியாது. சவரிநாதனிடம் காட்டினால் அவர் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். மிச்சம் இருந்தது கோவிந்தம்மாதான்.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அவள் எங்கள் ஆபீசுக்கு வந்து ஸ்டோரிலிருந்து ஒரு பாட்டில் எஞ்சின் ஆயிலும் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவாள். "அண்ணாத்தே, ஒரு ஆயிலு, ஒரு கிருஷ்ணாயிலு" என்பாள்.

"ஆயில் என்று சொல்லாதே. எண்ணெய். கிருஷ்ணாயில் இல்லை, மண்ணெண்ணெய். வாயைத் திறந்து நல்ல தமிழ் பேசக் கூடாதா?" என்பேன்.

"எண்ணெய்னா எங்க வூட்ல வேற அண்ணாத்தே" என்று அவள் சிரிப்பாள். வேறு என்ன என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவளின் பேச்சில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது எனக்குத் தெரியும். குப்பத்தில் சமையலுக்கு வாங்குவது கடலை எண்ணெய், நல்லெண்ணெய். அடுப்பு மூட்ட கிருஷ்ணாயில். மோட்டாருக்கு ஆயில். வெறுமனே எண்ணெய் என்று சொன்னால் ஒன்றுதான், படகுப் பலகைக்குத் தடவுகிற மீனெண்ணெய். எத்திராஜின் அண்ணன் படகுக்காக அந்த வீட்டு மூலையில் ஒரு பானை நிறைய அது எப்போதும் இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் எட்டாவது சனிக்கிழமை. மறுநாள் எத்திராஜைப் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு மாற்ற அவன் அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கோவிந்தம்மா தனியாகத்தான் பார்க்க வேண்டும். எனக்கோ அன்று சாயங்காலம் படிப்பகத்தில் முதல் பேச்சு. தலைப்பு, 'நம் வாயில் நம் சொல்'. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஆபீசைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கியபோது அவள் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். அன்று படகுகள் தாமதமாகக் கரை சேர்ந்ததால் ஏலமும் தள்ளிப்போய்விட்டதாம்.

"அண்ணாத்தே, ஆயிலு?"

"பூட்டியாச்சே. இவ்ளோ நேரம் கழிச்சு வந்தா?"

ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. மாடி ஏறி இறங்க ஐந்து நிமிஷம் ஆகும். எத்திராஜ் வீட்டுப் பரணில் பழைய டின்னில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் மீதி இருப்பது எனக்குத் தெரியும். அவனே ஒரு தடவை காட்டியிருக்கிறான். அதை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொன்னேனா? இல்லை.

"வூட்ல இருக்கிற எண்ணெயை ஊத்து. கோடு வரைக்கும் நின்னா சரி" என்றேன்.

அவள் நின்றாள். ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறவள் அல்லவா?

"ஆயிலா, எண்ணெயா?"

எனக்குப் பேச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எட்டு வாரமாகத் திருத்தியும் திருந்தாத வாயைப் பார்த்து எரிச்சல் வந்தது. கூடவே, பேச்சில் இதை ஓர் உதாரணமாகச் சொல்லலாமே என்றும் தோன்றியது.

"எண்ணெய்! எண்ணெய்! எத்தினி வாட்டி சொல்றது?"

"வூட்ல கீற எண்ணெதானே?"

"ஆமாம்மா, ஆமாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்றைக்குப் பேச்சில் நன்றாகக் கைதட்டினார்கள்.

அவள் மறுநாள் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருக்கிறாள். தொண்டையில் துணி வைத்து, சட்டியைச் சுரண்டி, கம்பிவலையை அலசி, நிழலில் உலர்த்தி, கோடு வரைக்கும் மீனெண்ணெய் ஊற்றி, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நட்டை முடுக்கியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை சவரிநாதன் வந்து, "கருணாகரன் சார், வண்டியில ஒரே மீன் வாடை அடிக்குது" என்றார்.

"காசிமேட்டுல நிறுத்தி வெச்சா மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றேன். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜருக்கு மூக்குதான் வேலை செய்யாதே. அந்த ஒரு சிரிப்புக்குப் பதில் எழுந்து போய் பானெட்டைத் திறந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும்.

மீனெண்ணெய் சூடு படப் படக் கோந்தாகிவிடும். படகுப் பலகையில் அதற்காகத்தான் தடவுகிறார்கள். எஞ்சின் சூட்டில் ஐந்து நாள் வெந்து, உப்பளத்துப் புழுதியும் சேர்ந்து, கம்பிவலையின் கண் ஒவ்வொன்றையும் அது அடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எண்ணூர் ரோட்டில், இரண்டு பக்கமும் உப்பளம் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், வண்டி கரும்புகை கக்கிவிட்டு நின்றது. கிளப்பக் கிளப்ப இருமிவிட்டு நின்றது. வெயிலில் காத்திருந்து பார்த்துவிட்டு மேனேஜர் நடக்கத் தொடங்கினார். முக்கால் மைலில் இழுப்பு கண்டுவிட்டது. உப்பு மூட்டை ஏற்றிவந்த மாட்டு வண்டியில் படுக்கவைத்துத்தான் அவரைத் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தார் சவரிநாதன். மூன்று நாள் அவர் எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை. மேஜை மேல் பழைய பேப்பரை விரித்து அந்தச் சட்டியை வைத்திருந்தார்கள். நாற்றம் ஆபீசையே தூக்கியது. எத்திராஜ் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். கோவிந்தம்மா அவன் பின்னால். நான் மேனேஜர் பக்கத்தில், நோட்டுப் புத்தகத்துடன்.

"இது என்ன?" என்றார் மேனேஜர். குரல் இன்னும் சரியாக வரவில்லை.

"மீனெண்ண தொர" என்றாள் கோவிந்தம்மா.

எத்திராஜ் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. புரியாமை மட்டும் இருந்தது. புத்தூரிலிருந்து வந்த நாளாக அவனிடம் யாரும் சட்டியைக் காட்டவில்லை, அவனும் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

"யார் சொல்லி இதை ஊற்றினாய்?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. காட்டிக் கொடுக்கிற பார்வை அல்ல அது. 'சொல்லேன்' என்கிற பார்வை. நான் நோட்டுப் புத்தகத்தில் தேதியை எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த தேதியின் மேலேயே இன்னொரு தடவை எழுதினேன்.

பயம் என்று சொல்லலாம். ஸ்டோர் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயில் கொடுக்காதவனுக்கு வேலை மிஞ்சியிருக்காது. ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. மீன் விற்கிறவள் சரியாகக் கேட்டாள், படித்தவன் தப்பாகச் சொன்னான் என்று ஆபீஸ் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்று கூசினேன். அந்த அற்பத்துக்காக ஒரு குடும்பத்தின் சோற்றை விட்டுக்கொடுத்தேன்.

"யாரும் சொல்லல தொர. நானாதான் ஊத்தினேன்" என்றாள் கோவிந்தம்மா.

வேலை போயிற்று. எத்திராஜுக்கு மட்டுமல்ல, அவளுக்கு வரவிருந்ததும் போயிற்று. மேனேஜர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சவரிநாதன் நிரந்தரமானார். அந்த வாரமே பிரம்பு வளையத்தையும் யாரோ எடுத்து வெளியே எறிந்துவிட்டார்கள்.

எத்திராஜ் பெண்டாட்டியை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வீட்டுக்குப் போனதும், "இனிமே எந்த வண்டியும் தொடாத" என்று மட்டும் சொன்னான். அவள் சரி என்றாள். கால் சரியாகச் சேராமல் கோணிவிட்டதால் வேறு கம்பெனியிலும் அவனை டிரைவராக எடுக்கவில்லை. கடைசியில் கத்திவாக்கத்துப் பக்கம் ஒரு உப்பளத்தில் காவல்காரன் ஆனான்.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க்கொண்டுதான் இருந்தேன். போகாமல் இருந்தால் குற்றம் தெரிந்துவிடும் என்று முதலில் போனேன். பிறகு போகாமல் இருக்க முடியாமல் போனேன். வாசலில் உட்கார்ந்து சீட்டாடுவோம். கோவிந்தம்மா மீன் குழம்பும் சோறும் போடுவாள். யாராவது புது ஆள் வந்தால் எத்திராஜ் அந்தக் கதையை எடுப்பான். வேலை போன வேதனையை அவன் வேடிக்கையாக மாற்றித்தான் விழுங்கினான்.

"எங்கூட்டுக்காரிக்கு ஆயிலுக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது நைனா. வண்டிக்கு மீன் கொழம்பு வெச்சிட்டா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கோவிந்தம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஆயிலுக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய நான் வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தடவை கல்மண்டபத்தருகே ஒரு லாரி கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. டிரைவரும் கிளீனரும் மாறி மாறி எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தம்மா மீன் கூடையுடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸ் வாசலிலிருந்து இறங்கிப் போனேன்.

"செவுளு அடச்சிகினு கீது" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"போய்ச் சொல்லேன் அவங்க கிட்ட."

"எனக்கு இன்னா தெரியும் அண்ணாத்தே? நான் மீனெண்ண ஊத்தறவ" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். குத்திச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. ஊர் அவளுக்குக் கொடுத்த பேரை அவள் வாங்கிக்கொண்டுவிட்டாள் என்று தோன்றியது. அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை எத்திராஜிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை போனேன், சீட்டாடினேன், சாப்பிட்டேன், திரும்பி வந்தேன்.

இப்படி எத்தனையோ ஞாயிறு. பொங்கல் கழியட்டும், அவன் ஜுரம் தெளியட்டும், யாரும் இல்லாத நேரமாகப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. போன மாதம் எத்திராஜ் செத்துப்போனான். மழையில் நனைந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, நாலே நாளில் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து மூன்று. வியாழக்கிழமை நான் போனபோது அவனுக்கு நினைவு இல்லை. அப்போதுதான் அவன் காதில் சொன்னேன். யாருக்காகச் சொன்னேனோ தெரியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. சடங்கு முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். கோவிந்தம்மா வீட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐந்து வருஷமாகத் தொண்டையில் இருந்தது ஒருவழியாக வெளியே வந்தது.

"கோவிந்தம்மா, அன்னிக்கு நீ ஏன் என்னைச் சொல்லல?"

அவள் ஆச்சரியப்படவில்லை. என்ன கேட்கிறாய் என்றும் கேட்கவில்லை.

"தொர எதிர்ல சொன்னா உன் வேலையும் போயிருக்கும். ரெண்டு வூட்லயும் அடுப்பு எரியாது. அதால இன்னா லாபம்?"

"சரி, அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே? வூட்ல, தனியா?"

"நான் சொன்னா அது உன் சாவாசத்தையே வுட்ருக்கும் அண்ணாத்தே. பொண்டாட்டி மேல பழி வுழ பாத்துகினு இருந்தான்னு உன் மூஞ்சியே பாத்திருக்காது. அதுக்கு இருந்தது நீ ஒரு தோஸ்துதான். வேலையும் போயி, காலும் போயி, அதுவும் போவணுமா?" மணலைக் கையால் தள்ளினாள். "நீயா சொல்லியிருந்தா சாவாசத்த வுட்ருக்காது. ரெண்டு கெட்ட வார்த்தை திட்டிட்டு சிரிச்சிருக்கும். அது அப்பிடித்தானே? அப்பால எங்கிட்ட வந்து, உன் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை பேசியிருக்கும். அதுக்குத்தான் நான் காத்துகினு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீ வர்றப்போ, இன்னிக்கு சொல்லிடும் அண்ணாத்தேன்னு நெனச்சிகினுதான் சோறு போடுவேன். நீ துன்னுட்டு, கைய கழுவிகினு பூடுவ."

எத்திராஜ் சிரித்திருப்பான். திட்டிவிட்டு, முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கட்டாயம் சிரித்திருப்பான். அவள் சொன்ன அந்த நிமிஷம் அவன் சிரிப்பு எனக்குக் கண்ணெதிரில் தெரிந்தது. பதினைந்து வருஷம் அவனோடு பழகியும் இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

உள்ளேயிருந்து இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். கோவிந்தம்மா எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"போ அண்ணாத்தே, குந்தி சாப்டு" என்றாள்.